மீதி என் தளத்தில்

நவம்பர் முதல் ஞாயிறு. ஆர்வோ அம்பு விட்டு அடித்த மான் மூன்று நாளாக அவன் வீட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் அதை இறக்கிச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் பெட்ரல் துறையில் அந்தக் காற்று எழுந்துவிட்டால் நாங்கள் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, பனி அள்ளும் மண்வெட்டி எங்கே கிடக்கிறது என்றுதான் பார்ப்போம்.

வருஷா வருஷம் கறி வெட்டும் நாளில் நானும் அங்கே போவேன். கத்தி பிடிக்க ஓர் ஆள், பேச்சுக்கு ஓர் ஆள் என்று இரண்டு வேலையையும் நானே பார்த்துவிடுவேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். அந்த வாயால்தான் இவ்வளவும் நடந்தது, அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

ஆர்வோவின் பெண்டாட்டி மார்லிஸ் கறியைக் கையாளும் விதமே தனி. வெள்ளைச் சவ்வை நகத்தால் தூக்கி, அடியில் கத்தியைக் கொடுத்து ஒரே இழுப்பில் உரித்துவிடுவாள். கொழுப்பு துளிகூட இருக்கக் கூடாது, மான் கொழுப்பு உள்ளே போனால் மெழுகு வாடை அடிக்கும். துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் அமுக்காமல் நிரப்பி, மேலே ஓர் அங்குலம் விட்டு, அரைக் கரண்டி உப்பு போட்டு, ஜாடியின் வாயை வினிகர் நனைத்த துணியால் துடைத்து மூடி போடுவாள். தண்ணீர் சேர்க்க மாட்டாள். கறி தன் சாற்றிலேயே வெந்துகொள்ளும். அப்படிப் போட்ட ஜாடியை நிலவறைத் தட்டில் அடுக்கிவைத்தால் அடுத்த வேட்டை வரைக்கும் கெடாது.

ஆனால் அதற்குப் பிரஷர் வேண்டும். அடுப்பில் இருக்கும் பெரிய பிரஷர் பாத்திரத்துக்குள் ஜாடிகளை இறக்கி, சுற்றிலும் திருகுகளை முடுக்கி மூடி, மேலே வெயிட் ஆட ஆரம்பித்ததிலிருந்து எழுபத்தைந்து நிமிடம். வெறும் கொதிநீரில் சாகாத கிருமி ஒன்று இருக்கிறது. மூடிய ஜாடிக்குள் காற்றில்லாமல் உட்கார்ந்துகொண்டு அது விஷம் கக்கும். அந்த விஷத்துக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. எங்கள் ஊரில் இது பிள்ளைகளுக்கும் தெரியும்.

"எங்க அம்மா அறுபது வருஷம் சும்மா கொதிக்க வச்சேதான் போட்டா. ஒருத்தரும் சாகல" என்று ஆர்வோ அந்த வருஷமும் சொன்னான். மரலாரி ஓட்டி ஓட்டி முதுகு போனவன், நாற்காலியில் தலையணை வைத்துக்கொண்டு எலும்பு சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உங்க அம்மாவுக்கு சாமி துணை இருந்துச்சு. எனக்கு வெயிட் ஆடுனாத்தான் தூக்கம் வரும். பேசாம சுரண்டு" என்றாள் மார்லிஸ்.

இப்படியெல்லாம் சமைப்பதைத்தான் அவள் ஆறு வருஷமாக இன்டர்நெட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். 'விறகடுப்பு' என்று ஒரு வலைத்தளம். அவ்வளவு அழகாக எழுதுவாள். வாசிக்க நாற்பது பேர். அதில் ஒருத்தி நான், இன்னொருத்தி அவள் தங்கை, மூன்றாவது ஆள் நேரடியாகவே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆர்வோ. வாரம் தவறாமல் எழுதிவிட்டு, திங்கட்கிழமை காலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

நான் ஊர் நூலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், பழைய தீயணைப்பு நிலையம். ஊரில் இன்டர்நெட் ஒழுங்காக வருகிற கட்டடம் அது ஒன்றுதான். புத்தகம் எடுக்க வருகிறவர்களைவிட, வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து போனை நோண்டுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கோடையில் ஊர்க்காரர்களுக்காக ஒரு வகுப்பு நடத்தினேன். தளம் வைத்திருப்பவர்கள், தேன் விற்கிறவர்கள், படகு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோருக்கும் சமூக ஊடகம் வழியாக ஆள் சேர்ப்பது எப்படி என்று. எங்கெங்கோ படித்ததைத் திரட்டி ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். வீடியோ நாற்பது நொடிக்கு மேல் வேண்டாம். முதல் மூன்று நொடியில் பிடித்து நிறுத்து. ஏழாவது வரி, முடிவைச் சொல்லாதே, மீதிக்கு உன் தளத்துக்கு வரவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸின் மகள் கைசா போனைப் பிடித்தாள். பத்தொன்பது வயது, தீவனக் கடையில் வேலை, அம்மாவின் புத்தி, அப்பாவின் பிடிவாதம். கறி வெட்டுவது, ஜாடி நிரப்புவது, உப்பு, மூடி எல்லாம் அழகாக வந்தது. மூடி போடாத பிரஷர் பாத்திரத்தில் தண்ணீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. மார்லிஸ் ஜாடிகளை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கினாள்.

"அங்கயே வெட்டு" என்றேன் நான்.

"பிரஷர் மூடி போடுறதக் காட்டலியே பெர்னிஸ்?"

"அதுக்குத்தானே உன் தளத்துக்கு வருவாங்க? எல்லாத்தையும் இங்கயே அள்ளிக் கொடுத்துட்டா அங்க எவ வரப்போறா?"

கைசா சிரித்தாள். "ஏழாவது வரிம்மா."

மார்லிஸ் ஒரு நிமிடம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சிரித்துச் சொன்னாள்: "எழுபத்தஞ்சு நிமிஷம். ஆனா ஒரே ஒரு விஷயத்த விட்டுட்டீங்கன்னா இவ்வளவும் வீண். அது என்னன்னு கேக்கறீங்களா? மீதி என் தளத்தில்." கடைசியில் ஆறிய ஜாடியின் மூடி 'டிங்க்' என்று உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கைசா சேர்த்தாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஜாடி சரியாக மூடிவிட்டது என்று அர்த்தம். நாற்பது நொடி ஆகிவிட்டது. ஏலக்காய் ரொட்டியும் காபியும் முடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கைசா அன்றிரவே போட்ட வீடியோ செவ்வாய்க்கிழமை ஓட ஆரம்பித்தது. காலையில் ஆயிரம், மதியம் ஐம்பதாயிரம், புதன் விடியும்போது நாலு லட்சம். கைசா கடையிலிருந்து எனக்குப் போன் செய்து எண்ணைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவாள். மளிகைக் கடையில் பில் போடுகிறவள் மார்லிஸை நிறுத்திக் கையெழுத்துக் கேட்டாளாம். தேவாலயத்தில் காபி நேரத்தில் ஆர்வோவிடம், "உன் பெண்டாட்டிய இந்த ஜில்லாவுல இருக்கிற மானவிட அதிகப் பேரு பாத்துட்டாங்கடா" என்று யாரோ சொல்ல, அவன் காது சிவந்து எழுந்துபோனான். மார்லிஸ் முடி வெட்டிக்கொண்டு வந்தாள். ஆறு வருஷத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அதே புதன் மதியம் தளம் படுத்துவிட்டது. நாற்பது பேருக்கென்று வாங்கிய இடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நுழைந்தால் என்ன ஆகும்? வெள்ளைப் பக்கம்தான் வந்தது. இணையத்தில் இடம் கொடுத்தவர்களுக்கு எழுதிப் போட்டு, அது திரும்ப எழுந்து நின்றபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. நாங்கள் அதற்கும் சிரித்தோம். "கூட்டம் தாங்கலடி" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரத் திங்கட்கிழமை பெரும்பனி. மரம் சாய்ந்து ஏரிக்கரைச் சாலையில் போன் கம்பி அறுந்துபோனது. அந்தப் பக்கம் செல்போனும் எடுக்காது, ஆக மார்லிஸ் வீட்டில் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அவள் வண்டியில் சங்கிலி மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். பன்றி இறைச்சியும் கிழங்கும் வைத்த பாஸ்டி இரண்டு எனக்காகச் சூடாகக் கொண்டுவந்திருந்தாள். விருந்து வாரமாயிற்றே, வந்தவர்கள் எழுதியதற்கெல்லாம் பதில் போட்டு நன்றி சொல்லலாம் என்று கணினி முன் உட்கார்ந்தாள்.

நான் புத்தக அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அவள் தனக்குள் சிரிக்கும் சத்தம் வந்தது. அப்புறம் வரவில்லை.

"பெர்னிஸ்."

குரலைக் கேட்டதுமே எழுந்துவிட்டேன்.

ஒரு கமென்ட்டின் மேல் அவள் விரல் நின்றிருந்தது. எழுதியவளுக்குப் பெயர் இல்லை, 'ப்ரேரி நாய்க்காரி 61' என்றுதான் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு நாய். தளம் படுத்துக் கிடந்த வியாழக்கிழமை எழுதியது. "உங்க தளம் திறக்கல, பரவாயில்ல, நானே செஞ்சுட்டேன். வீடியோல காட்டுன மாதிரியே எழுபத்தஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சேன். பதினாறு ஜாடி. பதினாறும் டிங்க்! தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்க அப்பாவுக்குக் கொண்டுபோறேன், மான் கறின்னா அவருக்கு உயிரு."

அதன் கீழே மார்லிஸ் அன்றைக்கே ஒரு இதயப் படம் போட்டிருந்தாள். படிக்காமலே எல்லோருக்கும் போட்டுக்கொண்டே போன இதயம்.

"நான் இதுக்கு இதயம் போட்டிருக்கேன் பெர்னிஸ்" என்றாள். உதடு வெளுத்திருந்தது. "கொதிக்க வச்சேன்னு எழுதியிருக்கா, நான் இதயம் போட்டிருக்கேன்."

இருந்தாலும், "ஒருத்திதானே, பதில் எழுது, சரியாப் போகும்" என்றேன்.

ஒருத்தி இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். ருசி எப்படி, என்ன கத்தி, உன் மேலங்கி எங்கே வாங்கினாய் என்று ஆயிரக்கணக்கில் கிடந்த கமென்ட்டுகளுக்கு நடுவே, செய்துவிட்டேன் என்று எழுதியவர்கள் எண்பத்தேழு பேர். அதில் சிலர் பிரஷர் வைத்தோம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் எழுதவில்லை. செய்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனவர்கள் எத்தனை பேரோ. பார்த்தவர்கள் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.

விஷம் பற்றி ஆலோசனை சொல்லும் உதவி எண்ணுக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள். ருசி பார்க்கக்கூட வேண்டாம், திறக்காமல் தூக்கிப் போடச் சொல்லுங்கள். சாப்பிட்டவர்களுக்குச் சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். முதலில் கண் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அப்புறம் மூச்சு. மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போக வேண்டும். நான் சொல்லச் சொல்ல மார்லிஸ் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். பாஸ்டி இரண்டும் மேசையில் ஆறிப்போய்க் கிடந்தன.

கைசா கடையில் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மொதல்ல வீடியோவத் தூக்கு" என்றாள்.

"தூக்கினா இவங்க பேரெல்லாம் போயிடுமே? யாருக்குன்னு எழுதுவேன்?"

ஆக, எண்பத்தேழு பேரையும் நோட்டில் கையால் எழுதினோம். பெயரா அதெல்லாம்? 'மீன்முள் ராணி', 'டிராக்டர் அப்பன்', 'உப்புக்கல்'. சாவுக்குப் பயந்துகொண்டு இந்தப் பெயர்களை எழுதுவது ஒரு மாதிரி இருந்தது. எழுதி முடித்ததும் கைசா வீடியோவை நீக்கினாள். நீக்கிய கையோடு தேடிப் பார்த்தாள். அதே வீடியோ, மார்லிஸின் பெயர் இல்லாமல், வேறு ஆறு பேர் எடுத்துப் போட்டது ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் கீழே பாட்டு வேறு சேர்த்திருந்தான். தளத்தின் பெயர் வருகிற இடத்தை வெட்டிவிட்டான், 'டிங்க்' சத்தத்தை மட்டும் விட்டிருந்தான்.

மார்லிஸ் ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தியை அனுப்ப ஆரம்பித்தாள். திறக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள், பதில் எழுதுங்கள். முப்பத்தோராவது ஆளுக்கு அனுப்பியபோது திரையில் சிவப்பாக ஒன்று வந்தது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறாய், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு நீ யாருக்கும் எதுவும் எழுத முடியாது. விளம்பரம் அனுப்பும் களவாணிகளில் ஒருத்தி என்று இயந்திரம் நினைத்துவிட்டது.

"நாப்பத்தெட்டு மணின்னா புதன் சாயங்காலம்" என்றாள் கைசா.

"வியாழக்கிழமை விருந்து" என்றாள் மார்லிஸ். நாய்க்காரியின் பெயர் நோட்டில் நாற்பதாவது இடத்தில் இருந்தது. அவளுக்குச் செய்தி போகவில்லை. கைசா தன் பெயரில் முயன்றபோதும் அதே சிவப்புதான் வந்தது.

வீடியோ மட்டும் போட விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மார்லிஸ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நூலக மேசையில் உட்கார்ந்தாள். அரசாங்கக் கையேட்டை விரித்துவைத்து, கிருமியைப் பற்றியும் காற்றில்லாத ஜாடியைப் பற்றியும் ஆறு நிமிடம் நிதானமாக விளக்கினாள். அவ்வளவும் சரியாகச் சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் பார்த்தவர்கள் நூற்று முப்பது பேர். அதிலும் பாதிப் பேர் பத்து நொடிகூட நிற்கவில்லை என்று கைசா ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு சரிந்து தரையைத் தொட்டிருந்தது.

புதன் காலை ஆர்வோவும் கூடவே வந்தான். முதுகுக்குத் தலையணையோடு. இரண்டு நாளாக மார்லிஸ் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னான். "கண்ண மூடுனா அந்த நாய் வந்து நிக்குதாம்." கொஞ்ச நேரம் குல்லாவைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "எங்க அம்மா கொதிக்க வச்சுத்தானே போட்டா. அதனால ஒண்ணும் ஆவாதுல்ல பெர்னிஸ்?"

"உங்க அம்மா சாப்பிடுறதுக்கு முன்னாடி சட்டியில போட்டு அரை நாள் வேக வைப்பா ஆர்வோ. எனக்கு ஞாபகம் இருக்கு. இவங்க மூடியத் திறந்து அப்படியே ரொட்டியில வச்சுத் தின்னாங்கன்னா?"

அவன் அதற்கப்புறம் அம்மா பேச்சை எடுக்கவில்லை.

உள்ளே கைசா அம்மாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். "நீ பாடம் எடுக்கறம்மா. பாடத்த யாரு பாப்பா? மொதல் மூணு நொடியில புடிச்சு நிறுத்தணும்."

அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆமா மார்லிஸ். மொதல்ல ஒரு ஜாடியக் கையில வச்சுக்கிட்டு, 'இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா'ன்னு ஆரம்பி. அப்புறம்..."

மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அங்கயே வெட்டுன்னு சொன்னவ நீதானே."

நான் என் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"பிரஷர் மூடி போடுறதக் காட்டலியேன்னு கேட்டேன். என் வாயால கேட்டேன். நீ சொன்ன, நான் கேட்டுக்கிட்டேன். கேட்டுக்கிட்டவ நான், அதனால உன்மேல பழி போடல. ஆனா இன்னொரு தடவ என்ன விடுகதை போடச் சொல்லாத பெர்னிஸ்."

"அம்மா..." என்றாள் கைசா.

"போனத் தூக்குடி. கடைசிய மொதல்ல சொல்றேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கைசா போனைத் தூக்கினாள். மார்லிஸ் தலைகூட வாரவில்லை. முகம் திரை முழுக்க இருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன முகம். "என்னப் பாத்து மான் கறி ஜாடி போட்டவங்க, அதத் திறக்காதீங்க. சும்மா கொதிக்க வச்சிருந்தா அது விஷம், உயிர் போயிடும். நான் பாதியச் சொல்லாம விட்டுட்டேன், தப்பு என்னுது. தூக்கிப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க." அப்புறம் ஓர் எண்ணைச் சொன்னாள். அது நூலகத்து எண். அவள் வீட்டுக் கம்பிதான் அறுந்து கிடந்ததே. என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

பதினான்கு நொடி. அதை ஒரு மணி நேரத்துக்குள் இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். மதியத்துக்குள் முதல் வீடியோவை எடுத்துப் போட்ட ஆறு பேரில் இரண்டு பேர் இதையும் எடுத்துப் போட்டார்கள். பயத்துக்கு இருக்கிற கால் வேறு எதற்கும் இல்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் தடை நீங்கியதும் மீதிப் பேருக்கும் மார்லிஸ் செய்தி அனுப்பினாள், நாய்க்காரியிடமிருந்து மட்டும் பதில் இல்லை.

தேங்க்ஸ்கிவிங் அன்றைக்கு நூலகம் விடுமுறை. நான் காலை ஆறு மணிக்கே திறந்து அடுப்பைப் போட்டேன். ஆர்வோ வாசல் பனியை அள்ளினான், முதுகு வலிக்கும் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நானும் மார்லிஸும் கைசாவும் மாறி மாறிப் போனை எடுத்தோம். மார்லிஸ் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். ஊர், எத்தனை ஜாடி, என்ன ஆயிற்று. கடைசிக் கட்டத்தில் 'கொட்டியாச்சு' என்று எழுதும்போதெல்லாம் ஒரு மூச்சு விடுவாள்.

ஓஹயோ, ஒன்பது ஜாடி, கொட்டியாச்சு. மொன்டானா, இருபது, கொட்டியாச்சு. மிசௌரியில் ஒருவன் மானுக்குப் பதில் கோழி போட்டேன், பரவாயில்லையா என்று கேட்டான். "கோழியும் கறிதான்யா, தூக்கிப் போடு" என்று கத்தினேன். இன்னொருத்தி பாத்திரமே இல்லாமல் ஜாடியை நேரே ஓவனில் வைத்தாளாம். ஒரு கிழவி மார்லிஸைப் பத்து நிமிடம் திட்டினாள். மார்லிஸ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எத்தன ஜாடிம்மா?" என்றாள். நான்கு. கொட்டியாச்சு.

நாய்க்காரி கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் மார்லிஸ் நிமிர்வாள். பதினோரு மணிக்கு மேல் நிமிர்வதையும் விட்டுவிட்டாள். எல்லா வீட்டிலும் மேசை போட்டிருப்பார்கள். ஆர்வோ வீட்டிலிருந்து வான்கோழியை எடுத்துவந்து என் மேசையில் வைத்தான். அதை யாரும் தொடவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு அடித்ததை மார்லிஸ்தான் எடுத்தாள்.

"நான் ரோண்டா பேசறேன். ஓக்லஹோமாவுலேருந்து. நான்தான்... என் படத்துல நாய் இருக்கும்."

மார்லிஸ் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று கைசா பொத்தானை அமுக்கினாள்.

"எல்லாத்தையும் கொட்டிட்டேங்க. பதினஞ்சையும். இப்பத்தான் பாத்தேன்."

"பதினாறுன்னு எழுதியிருந்தீங்களே?"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. "ஒண்ணு அப்பாகிட்ட இருக்கு. போன வாரமே கொடுத்துட்டேன். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாரு. அஞ்சு தடவ பண்ணிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரப் போகச் சொல்லியிருக்கேன், இன்னொரு போன்ல அவரு இருக்காரு. நீங்க வச்சுடாதீங்க, தயவுசெஞ்சு வச்சுடாதீங்க."

"நான் வைக்க மாட்டேன் தாயி. இங்கயேதான் இருக்கேன்."

நாங்கள் நான்கு பேரும் அந்தப் போனைச் சுற்றி நின்றோம். அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம். அந்தப் பக்கம் ரோண்டா யாரிடமோ பேசுவது தூரத்தில் கேட்டது. கதவத் தட்டுங்க. பின்னாடி போங்க. ஜன்னல்ல பாருங்க. ஆர்வோ குல்லாவைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. அங்கயே வெட்டு, அங்கயே வெட்டு என்று என் குரல்தான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்காரு!" ரோண்டா கத்தினாள். "நல்லா இருக்காருங்க! டிவியப் பெரிசா வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, போன் சத்தமே கேக்கல. ஜாடி மடியிலயே இருக்காம். மூட்டுவலிக் கை, மூடி திறக்க வரல. நான் வந்து திறந்து தருவேன்னு காலையிலேருந்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பக்கத்து வீட்டுக்காரரு அதையும் வாங்கித் தூக்கிப் போட்டுட்டாரு."

மார்லிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. கைசா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆர்வோ வான்கோழிக் காலைப் பிய்த்து, "இப்பவாவது தின்னுடி" என்று அவள் வாயருகே நீட்டினான். அவள் வாங்கிக் கடித்தாள். மூன்று நாளைக்கப்புறம் முதல் வாய். நோட்டைக் கீழே கொண்டுவரச் சொல்லி, நாற்பதாவது பெயருக்கு நேரே தானே எழுதினாள். பதினாறு, கொட்டியாச்சு. நானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

போன் மறுபடி அடித்தது. அவர்கள் சாப்பிடட்டும் என்று நான் எடுத்தேன்.

ஆண் குரல். வயதானவர். ரொம்ப மரியாதையாகப் பேசினார். விருந்து நாளில் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

"பரவாயில்லங்க, சொல்லுங்க. எந்த ஊரு, எத்தன ஜாடி?"

"கன்சாஸ். நாங்க ஒண்ணே ஒண்ணுதான் போட்டோம். சும்மா பாத்துப் பழகலாம்னு. பிரஷர் பாத்திரமெல்லாம் எங்ககிட்ட ஏது. செவ்வாய்க்கிழமை அவ கொஞ்சம் சாப்பிட்டா. எனக்கு மான் புடிக்காது." கொஞ்சம் தயங்கினார். "அதுனாலயா இருக்காது, கண்ணாடிய மாத்தணும் போல. காலையிலேருந்து அவளுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். என்னயே ரெண்டு பேராப் பாக்கறா. பேச்சும் ஒரு மாதிரி... நாளைக்கு டாக்டரப் பாக்கலாமான்னு உங்களக் கேட்டுக்கலாம்னுதான்."

வகுப்புக்கு அச்சடித்த என் தாளில் இருபது வரி இருந்தது. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எனக்குத் தெரிந்த கடைசி வரியை முதலில் சொன்னேன்.

"போன வைங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. இப்பவே. ஜாடியில வச்ச கறி, விஷம்னு சொல்லுங்க, அந்த வார்த்தைய மொதல்ல சொல்லுங்க. நாளைக்கு இல்ல ஐயா, இப்ப, இந்த நிமிஷம்!"

"அப்படியா?" என்றார். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. தடித்த நாக்கோடு எதையோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று புரியவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே அவர் போனை வைத்தார்.

நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் வாயிலிருந்ததை மெல்லவில்லை. தரையிலிருந்து எழுந்துவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பிப் பென்சிலைக் கையில் கொடுத்தாள்.

அந்த வரியை நான்தான் எழுதினேன். கன்சாஸ், ஒன்று, திறந்தாச்சு.